வேர்மண்ணோடு கன்று நடுதல்

(மன்னார்குடியில் குடியானவர்கள் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று பேசும்படி எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் மிகச் சிறியது. வேரைச் சுற்றிய மண்கட்டியோடு பையிலோ, சாக்கிலோ, வைக்கோலிலோ கட்டி வரும் மரக்கன்றை எங்ஙனம் நடுவது என்பதே அது. ‘குழி வெட்டிக் கன்றை வைத்து மண்ணைத் தள்ளினால் ஆயிற்று, இதற்கொரு பிரசங்கமும் வேண்டுமோ?’ என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். 2019-ம் வருஷம் வரையில் நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை, இருபது ஒட்டுமாங்கன்றுகளில் பதின்மூன்று.

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன்னே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜா புயலை இங்குள்ளோரில் ஒருவரும் மறந்திரார். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, நமது மன்னார்குடி ஆகிய பகுதிகளில் அன்று ஓர் இரவிற்குள் விழுந்த மரங்கள் இலட்சக்கணக்கானவை. தென்னை போனதைப் பற்றியே எங்கும் பேச்சாயிருந்தது. அது நியாயந்தான், அது சோறு போட்ட மரம். ஆனால் கொல்லைப்புறத்து மாவும், பலாவும், சாலையோரத்துப் புளியும், குளக்கரை வேம்பும் வேரோடு புரண்டு கிடந்ததையும் பார்த்தோம். என் தகப்பனார் நட்ட நான்கு மாமரங்களும் அவற்றுள் அடங்கும். காலையில் அவற்றின் வேர்ப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பின்னர் கன்றுகளுக்குக் குறைவில்லை. சர்க்கார் கொடுத்தது, வெளியூர்களிலிருந்து தர்மசிந்தையுள்ளவர்கள் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள், நம்மவர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள். நட்டவை எத்தனை என்பதற்குப் புகைப்படங்கள் உண்டு. நின்றவை எத்தனை என்பதை அவரவர் கொல்லைக்குப் போய் எண்ணித்தான் அறிய வேண்டும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019-ம் வருஷம் புரட்டாசியில், பாமணி ஆற்றுக்கு அண்மையிலுள்ள என் நிலத்தில் இருபது ஒட்டுக்கன்றுகளை நடுவதற்கு ஏற்பாடு செய்தேன். அன்று வேறொரு காரியமாகத் தஞ்சாவூர் செல்ல வேண்டியிருந்தது. ஆட்களிடம், ‘மூன்றடிக் குழி வெட்டியிருக்கிறது, நட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள்’ என்று சொல்லிப் போனேன். அவர்களும் குறைவின்றிச் செய்தார்கள். தென்னங்கன்று நடுவது போலவே ஆழமாக வைத்து நன்றாக மிதித்துவிட்டார்கள். 2020-ம் வருஷம் டிசம்பரில் புரெவி புயலையொட்டிப் பெய்த பெருமழையில் ஒவ்வொரு குழியும் ஒரு சிறு கிணறாயிற்று. ஏழு கன்றுகள் அடித்தண்டு அழுகிப் போயின. எஞ்சியவை பிழைத்துவிட்டன என்றே நம்பியிருந்தேன். 2022-ம் வருஷக் கோடையில் ஆள் உயரக் கன்று ஒன்று இலை வெளுத்து நிற்கக் கண்டு, தண்டைப் பிடித்து அசைத்தேன். ஆடுகிற பல்லைப் போல அசைந்தது. ஒரு கையால் இழுக்க, கையோடு வந்துவிட்டது. அடியில் பார்த்தால், கறுப்புப் பிளாஸ்டிக் பை கிழியாமல் அப்படியே இருக்கிறது. பையினுள்ளே வேர்கள் வெளியேற வழியின்றி, வைக்கோற்பிரி முறுக்கியதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தன. மூன்று வருஷம் அந்தக் கன்று என் நிலத்தில் இருந்ததேயன்றி என் மண்ணில் இருக்கவில்லை. மற்றவற்றையும் சோதித்ததில் இன்னும் ஐந்து அதே கதி. சிலவற்றிற்குப் பையின் அடியை மட்டும் கிழித்திருந்தார்கள்; சிலவற்றிற்கு அதுவுமில்லை. குற்றம் ஆட்களுடையதன்று. அவர்களுக்குச் சொல்லாத என்னுடையது, எனக்கே தெரியாதிருந்தது.

இந்தப் பிழை ஏன் நேர்ந்தது என்று நெடுநாள் யோசித்தேன். நாம் நடவறியாத ஜனங்களல்லவே! நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து, வேரிலுள்ள சேற்றை வாய்க்கால் நீரில் அலசி, முடி கட்டி, வயலில் எறிந்து, சேற்றில் குத்திவிடுகிறோம். நான்கைந்து நாள் வாடி, பிறகு பச்சை கட்டுகிறது. வாழைக் கட்டையைத் தோண்டி, வேரையெல்லாம் சீவி எறிந்துவிட்டு நடுகிறோம், துளிர்க்கிறது. தென்னம்பிள்ளையை நாற்றுமேடையிலிருந்து மண்ணின்றிப் பெயர்த்தெடுத்து மூன்றடிக் குழியின் அடியில் வைத்து, வளர வளர மண்ணை நிரப்புகிறோம், அதுவும் வாழ்கிறது. நம் கைகள் இந்த மூன்று பயிரிடமும் பாடங்கற்ற கைகள். மூன்றுக்கும் வேர்மண் வேண்டியதில்லை. நெல்நாற்று இளம்பயிர், நிற்கும் நீரிலேயே நடப்படுவதால் புது வேர் விடும்வரை தாகமறியாது. வாழைக்குக் கிழங்கே களஞ்சியம். தென்னம்பிள்ளைக்கு நெற்றிலுள்ள பருப்பு கட்டுச்சோறு. ஒட்டுமாங்கன்றுக்கு, சப்போட்டாவுக்கு, பலாவுக்கு அத்தகைய சேமிப்பு எதுவுமில்லை. அவற்றுக்குள்ள சொத்தெல்லாம் அந்த மண்கட்டி ஒன்றே.

மண்கட்டியில் அப்படி என்ன இருக்கிறதென்றால், நீரை உறிஞ்சுவது நாம் கண்ணாற் காணும் தடித்த வேரன்று. அதன் நுனிகளில் மயிரினும் மெல்லியனவாய் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தூவிகளே அந்த வேலையைச் செய்கின்றன. கட்டி உடைந்தால் அவை அறுபடும். மேலே இலைகளோ வழக்கம்போல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டேயிருக்கும். வரவு நின்று செலவு நில்லாத குடும்பத்தின் நிலை என்னவோ அதுவே கன்றின் நிலையும்.

இந்த உண்மையை மனிதர்கள் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். எகிப்து தேசத்தில் ஹாட்ஷெப்சுட் என்னும் அரசி, பண்ட் என்ற தேசத்துக்குக் கப்பல்களை அனுப்பி வாசனைப் பிசின் தரும் மரங்களை வருவித்தாள். அவற்றை வேரோடு கூடைகளில் வைத்துக் காவடிபோல் கழியில் கட்டி ஆட்கள் சுமந்துவரும் காட்சி, தேர் எல்-பஹ்ரி என்னுமிடத்திலுள்ள அவளது கோயிற்சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. சுமார் 3,500 வருஷங்களுக்கு முந்திய காரியம் அது. ஜப்பானியர் வளர்ந்த மரத்தைப் பெயர்ப்பதானால், பல மாதங்களுக்கு முன்பே சுற்றிலும் பள்ளம் தோண்டி வேர்களை அளவாக வெட்டிவிடுவார்கள். கட்டிக்குள்ளே புதிய சல்லிவேர்கள் உண்டான பிறகு வைக்கோற்கயிற்றால் இறுகச் சுற்றி எடுப்பார்கள். இதற்கு நெமவாஷி என்று பெயர். ஒரு விஷயத்தைச் சபையிற் கொண்டுவருமுன் சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியே கண்டு பேசிப் பக்குவப்படுத்துவதற்கும் அந்நாட்டார் இதே சொல்லை வழங்குகிறார்கள். பஞ்சாயத்து அனுபவமுள்ள பெரியவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும்.

இனி நடவு முறைக்கு வருகிறேன்.

முதலாவது, கன்றைத் தெரிந்தெடுப்பது. உயரத்தைக் கண்டு மயங்காதீர்கள். சிறிய பையில் நெடிதாக நிற்கும் கன்று வெகுநாள் விற்காமல் நின்ற கன்று. அதன் வேர் உள்ளே சுற்றத் தொடங்கியிருக்கும். பையின் அடித்துளைகளைப் பாருங்கள். தடித்த வேர் வெளியே வந்து தரையிற் பாய்ந்திருந்தால், எடுக்கும்போது அதை அறுத்தே எடுப்பார்கள். ஒட்டுக்கன்றாயின் ஒட்டிய இடம் நன்கு கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். குட்டையாய், தண்டு திரட்சியாய், இலை பசுமையாய் உள்ளதே வாங்கத் தக்கது.

இரண்டாவது, கொண்டுவருவது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தவர் கன்றின் கழுத்தைக் கோழியைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு வருவதைத் தினமும் காண்கிறோம். மண்கட்டியின் கனமெல்லாம் மெல்லிய தண்டில் தொங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் கட்டி ஓரிடத்தில் விரிகிறது. இரு கைகளாலும் கட்டியின் அடியைத் தாங்கித்தான் கன்றைத் தூக்க வேண்டும். கூடையிலோ பெட்டியிலோ வைத்து, இலைகளின்மேல் ஈரத்துணி போட்டுக் கொண்டுவாருங்கள். ஓடுகிற வண்டியின் காற்று ஒரு மணி நேரத்தில் இலைகளை உலர்த்திவிடும்.

மூன்றாவதாகிய குழியில்தான் நம் ஊருக்கும் வெளியூர்ப் புத்தகங்களுக்கும் வேற்றுமை உண்டு. மாவுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணுடன் 10 கிலோ தொழுவுரம் கலந்து நிரப்பு என்று எங்கும் எழுதியிருக்கிறது. மேற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண், மணற்சாரி பூமிக்கு அது முற்றும் சரி. ஆனால் காவேரி வண்டல் படிந்த நம் களிமண்ணில் அத்தகைய குழி, சட்டி வைத்தது போன்றதேயாகும். பொலபொலப்பான நிரப்புமண்ணுக்குள் மழைநீர் எளிதில் இறங்கும். சுற்றிலுமுள்ள களி அதை வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் கன்று நீருக்குள் நிற்கும். நெல் நிற்கும், மா நில்லாது. வேரும் மூச்சுவிடுவதன்றோ?

ஆகையால் களிமண் நிலமுடையவர்கள் குழியை விட்டு மேட்டை நாடுவது நலமென்பது என் அபிப்பிராயம். ஆறடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள மேடு கட்டி, அதன்மேல் கன்றை வையுங்கள். நிலத்தின் மண்ணோடு சிறிது மணலும் மக்கிய எருவும் சேர்த்தால் போதும். கோடையிலேயே மேட்டைக் கட்டிவிட்டால் நடும் காலத்திற்குள் மண் அமர்ந்துவிடும். மேடுகளுக்கிடையில் நீர் வடிய ஒரு சிறு வாய்க்காலும் வேண்டும். அப்படியும் குழியே வெட்டுவீர்களானால், அது ஆழத்தில் மண்கட்டியின் உயரத்துக்கு மேற்படாமலும், அகலத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கட்டும். ஈரக்களியில் மண்வெட்டி போட்டால் குழியின் பக்கங்கள் குயவன் தேய்த்த பானைபோல் மழமழவென்றாகிவிடும். இளவேர் அதைத் துளைக்க மாட்டாமல் திரும்பிச் சுற்றும். கடப்பாரை முனையால் பக்கங்களைக் கொத்தி முரடாக்கிவிடுங்கள். குழியில் யூரியா முதலிய உரங்களைப் போட வேண்டாம், புதுவேர் கருகும்.

நான்காவதாக, உறையை நீக்குதல். என் பதின்மூன்று கன்றுகளுக்கும் அவ்வளவு பாடுபட்டு நான் கற்றது இதைத்தான். ஆகவே சற்று விரித்துச் சொல்லுகிறேன். முதல்நாள் மாலையே கன்றுக்கு நீர் விடுங்கள். உலர்ந்த கட்டி உதிரும். சொட்டச் சொட்ட நனைந்த கட்டி குழையும். இரவு வடிந்து, காலையில் பிடித்தால் பிட்டுப் பதத்தில் இருப்பதே தக்கது. கன்றைக் குழியருகில் படுக்கவைத்துக் கத்தியால் பையின் அடிவட்டத்தை மட்டும் அறுத்தெடுங்கள். பக்கப்பை இருக்கும்போதே, அடியைக் கையால் தாங்கியபடி குழியில் இறக்கி நேராக நிறுத்துங்கள். பாதி மண் தள்ளிக் கட்டி நிலைத்த பிறகு பையின் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கீறி உருவியெடுங்கள். கட்டி உடைவதற்கு இடமேயில்லை. எடுத்த பைகளை எண்ணிப் பாருங்கள். இருபது கன்றுக்கு இருபது பை கையில் வர வேண்டும். இன்று என் வீட்டில் இந்தக் கணக்குப் பார்க்காமல் ஆட்களுக்குக் கூலி கொடுப்பதில்லை.

உருவுமுன் கட்டியின் வெளிப்புறத்தைப் பாருங்கள். வேர்கள் வட்டமிட்டுச் சுற்றியிருந்தால் இரக்கப்படாமல் கூரிய கத்தியால் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக அரை விரற்கடை ஆழம் கீறிவிடுங்கள். அடியிற் சுருண்டதை நறுக்கிவிடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து புதுவேர் வெளிநோக்கிப் பிரியும். வெட்டாத சுருள் வருஷந்தோறும் பருத்து, தன்னையே நெரிக்கும். அத்தகைய மரத்துக்கு நாற்புறமும் பிடிப்பில்லாமையால், பத்து வருஷங்கழித்து ஒரு பெருங்காற்றுக்கு அதுவே முதலில் சாயும்.

வைக்கோலும் வாழைநாரும் சுற்றிய கட்டியாயின் அவ்வளவு பயமில்லை, அவை மக்கிவிடும். ஆயினும் கழுத்தருகிலுள்ள கட்டை அவிழ்த்து, மேற்புறத்து வைக்கோலை விலக்கிவிடுவது நல்லது. சணற்சாக்கானால் குழியில் வைத்த பின் மேற்பாதியைக் கீழே மடித்துவிட்டு மண்ணை மூடலாம். இக்காலத்தில் சணல்போலவே தோன்றும் நைலான் சாக்கும் நைலான் கயிறும் வருகின்றன. ஒரு நூலை நெருப்பிற் காட்டினால் உருகுகிறதா, சாம்பலாகிறதா என்பதில் குட்டு வெளிப்பட்டுவிடும். உருகுவதை முழுவதும் நீக்கியே தீரவேண்டும். கஜா அடித்து ஒன்றரை மாதத்தில், 2019-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, நம் ராஜ்யத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டபோது, நாற்றுப்பண்ணைகளின் தேவைக்கு விலக்குக் கிடைத்தது. அது அவசியமான விலக்கே. ஆனால் கடைத்தெருவில் பையை மறுக்கிற நாம், கொல்லையில் அதைப் புதைத்துவிட்டு வருகிறோம்.

ஐந்தாவது, ஆழம். நாற்றுப்பண்ணையில் கன்று எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டம். ஒரு விரற்கடை உயர்ந்திருந்தாலும் குற்றமில்லை, ஏனெனில் புதுமண் அமரும். தண்டும் வேரும் கூடும் கழுத்து மண்ணுக்குள் போனால் பட்டை அழுகும். ஒட்டிய இடம் மண்ணுக்குமேல் நன்றாகத் தெரிய வேண்டும். அதற்குக் கீழே தளிர் விட்டால் கிள்ளிவிடுங்கள். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மாவன்று. மண்ணைக் காலால் மிதிக்காதீர்கள். கையால் அமுக்கி, நீர் விட்டால் மண் தானே அமர்ந்து கட்டியைப் பற்றிக்கொள்ளும்.

காற்றுக்குக் காப்பாகச் சவுக்குக்கழியோ மூங்கிலோ நடலாம். கட்டியைக் குத்திக்கொண்டு நடாமல், சற்றுத் தள்ளி நட்டு, தண்டின் கீழ்ப்பாதியில் தேங்காய்நார்க் கயிற்றாலோ துணியாலோ எட்டு வடிவமாகத் தளரக் கட்டுங்கள். சிறிது அசைய இடம் வேண்டும். அசைந்து பழகாத தண்டு பருப்பதில்லை. ஒரு வருஷத்தில் கழியை எடுத்துவிட வேண்டும். ஆட்டுக்கு முள்வேலி போட வேண்டுமென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீர் விஷயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. பையிலுள்ள மண் மணலும் எருவும் கலந்த இளகிய மண், சுற்றியுள்ளது களி. களி தன் ஈரத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. மேலே தொட்டால் ஈரமிருக்கும். கட்டிக்குள்ளே வேர் தாகத்தால் வாடும். ஆகவே முதல் கோடையில் தண்டையொட்டிய கட்டியின் மேலேயே மெதுவாக நீர் இறங்கும்படி வாரம் இருமுறை விடுங்கள். பக்கத்தில் ஒரு மண்குடத்தைப் புதைத்து, அடித்துளையில் திரி போட்டு நிரப்பிவைக்கும் பழைய உபாயமும் நல்லது. பங்குனி, சித்திரையில் நம் வயல்கள் பாளம் பாளமாக வெடிப்பதைக் கண்டிருக்கிறீர்கள். அந்த வெடிப்பு கன்றின் பக்கம் வந்தால் இளவேரை அறுத்துவிடும். வைக்கோல், தேங்காய் மட்டை, சருகு எதையாவது தண்டைத் தொடாமல் சுற்றிலும் மூடாக்காகப் பரப்பினால் வெடிப்பு வராது.

காலம் எதுவென்றால், மேட்டில் நடுவோருக்கு ஆவணியும் புரட்டாசி முற்பாதியுமே சிறந்தவை. பெருமழைக்கு முன் வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் கிடைக்கும். கோடையில் தவறாமல் நீர் விட வசதியுள்ளவர்கள் மழை ஓய்ந்து தையிலும் நடலாம். என்னைப்போல் புரட்டாசிக் கடைசியில், அதுவும் ஆழக்குழியில் நட வேண்டாம்.

இவ்வூர் பற்றி ஒரு வார்த்தை. மன்னார்குடிக்குச் செண்பகாரண்யம் என்று பெயருண்டு. செண்பகக் காடாயிருந்ததென்று சொல்லும் ஊரில் இன்று வீட்டுக்கு வீடு செண்பகம் இல்லை. அதன் விதை சீக்கிரம் முளைப்பாற்றலை இழந்துவிடும். வேரை அசைத்தால் பொறுக்காது. நீர் தேங்கினால் முதலில் போகும். ஆகவே, இதுவரை நான் சொன்னது எதற்குப் பொருந்தாவிட்டாலும் செண்பகத்துக்குப் பொருந்தும். அதற்கும் மேடே வேண்டும்.

பந்தலுக்கு வடபுறம் மூன்று கன்றுகள் வைத்திருக்கிறோம்: ஒரு ஒட்டுமா, ஒரு பலா, ஒரு செண்பகம். மேடு போன மாதமே கட்டியாயிற்று. நேற்று மாலை நீரும் விட்டாயிற்று. கத்தி என்னிடம் இருக்கிறது. மண்வெட்டி பிடிக்க இரண்டு பேர் முன்னே வாருங்கள். பையை உருவுகிற வேலையை நான் செய்யப்போவதில்லை. உங்களில் இதுவரை ஒருமுறையும் செய்யாதவர் ஒருவர் செய்யட்டும்.